மணலுக்கு ஒரு சுவிட்ச்

வளைவில் வேகமாகத் திரும்பும் காரின் சக்கரங்கள் சாலையின் பிடியை இழந்துவிட்டால், ஓட்டுபவர் திருப்பும் பக்கம் ஒன்று, கார் போகும் பக்கம் வேறொன்று என்றாகிவிடும். அந்த நொடியில் கைகொடுக்க, ஓட்டுபவரின் அனுபவத்தைத் தவிர வேறொன்றும் முன்பு இருந்ததில்லை. 1995 இல் போஷ், மெர்சிடிஸ் பென்ஸ் ஆகிய ஜெர்மானிய நிறுவனங்கள் இதற்கொரு வழி கண்டன. ஸ்டீயரிங் எவ்வளவு திருப்பப்பட்டிருக்கிறது, கார் உண்மையில் எவ்வளவு சுழல்கிறது, ஒவ்வொரு சக்கரமும் என்ன வேகத்தில் உருள்கிறது என்பனவற்றை உணர்கருவிகள் இடைவிடாது கவனிக்கும். ஓட்டுபவரின் விருப்பமும் காரின் போக்கும் பொருந்தாதபோது, ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்துக் காரை வழிக்குக் கொண்டுவரும். பின்பகுதி வெளியே வீசினால் வளைவின் வெளிப்புற முன்சக்கரத்துக்கு. முன்பகுதி திரும்ப மறுத்தால் உட்புறப் பின்சக்கரத்துக்கு. எத்தனை தேர்ந்த ஓட்டுநராலும் இதைச் செய்ய இயலாது. அவர் காலடியில் இருப்பது ஒரே பிரேக் மிதிதானே!

இதுவே 'ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல்'. ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் இது கட்டாயம்.

மணலில் மட்டும் இது இடைஞ்சல்தான். சக்கரம் வீணே சுழன்றால் இஞ்சினின் விசையைக் குறைத்துவிடும். மணல் மேட்டின் பாதியில் விசை குறைந்தால் கார் புதைந்துவிடும். ஆகவே தயாரிப்பாளர்களே பல கார்களில் இதை நிறுத்தப் பொத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் சில கார்களில் வேகம் ஓரளவு கூடியதும் அமைப்பு தானே விழித்துக்கொள்ளும். அது பிடிக்காத இளைஞர்கள் வேறு வழி தேடுகிறார்கள்.

ரியாதில் பணிபுரியும் என் ராத்தாவின் மகன் அவர்களில் ஒருவன். வெள்ளிக்கிழமைகளில் நண்பர்களுடன் செம்மணல் மேடுகளுக்குச் செல்பவன். சக்கர உணர்கருவி ஒன்றின் வயரைத் துண்டித்து, டாஷ்போர்டில் தானே ஒரு சுவிட்ச் பொருத்தியிருக்கிறான். "மணலில் மட்டும்தான் மாமா அணைப்பேன்; ரோட்டுக்கு வந்ததும் போட்டுவிடுவேன்" என்று தொலைபேசியில் கூறினான்.

அவன் பொய் பேசுகிறவனல்லன். என் அச்சம் மறதியைப் பற்றியது. 'இன்சான்' என்ற அரபிச் சொல்லையே மறதியைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்ததாகக் கூறும் மொழியறிஞர்கள் உண்டு. நிறுவனம் வைத்த பொத்தான் இந்த இன்சானை அறிந்திருக்கிறது. அதை அழுத்தி நிறுத்தினாலும், அடுத்த முறை காரைக் கிளப்பும்போது அமைப்பு பொதுவாகத் தானே செயலுக்கு வந்துவிடும். அமெரிக்க விதிகள் இதை வலியுறுத்துகின்றன. நம் பிள்ளை வைத்த சுவிட்சோ வைத்தது வைத்தபடி இருக்கும். வெள்ளிக்கிழமை அணைத்தது, ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் செல்லும் சாலையிலும் அணைந்தே கிடக்கும்.

இன்னொன்றையும் அவன் எண்ணிப் பார்க்கவில்லை. திடீர் பிரேக்கில் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும் அதே உணர்கருவியை நம்பியே இயங்குகிறது. வயரைத் துண்டித்தால் அதுவும் சேர்ந்து உறங்கிவிடும். எச்சரிக்கை விளக்கு எரியத்தான் செய்யும். வாரந்தோறும் எரியும் விளக்கை யார் பொருட்படுத்துவார்?

கார் அவனுடையது, அதில் ஏறுகிறவர்களின் உயிர் அமானிதம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பது பற்றிய நபிமொழியை என்னிடமே ஓதிச் சென்றவன் அவன். நண்பர் ஒருவர் காரை இரவல் கேட்டால், கயிறு அவிழ்ந்திருப்பதை அவருக்கு யார் சொல்வது?

இன்ஷா அல்லாஹ், நோன்புப் பெருநாளுக்குப் பின் ராத்தா அவனிடம் செல்கிறார்கள். தாயையும் மனைவி மக்களையும் ஏற்றிக்கொண்டு சாலை வழியாக உம்ராவுக்குப் போவது அவன் திட்டம். தாயிஃபைத் தாண்டியதும் ஹதா மலைப்பாதை வளைந்து வளைந்து மக்காவை நோக்கி இறங்கும். புறப்படுமுன் வயரைப் பழையபடி இணைத்து, சுவிட்சைக் கழற்றி, எச்சரிக்கை விளக்கு அணைந்திருப்பதைப் படமெடுத்து அனுப்பும்படி எழுதியிருக்கிறேன். படம் இன்னும் வரவில்லை.