எழுத்து அழிந்ததா, கண் மங்கியதா?

ஒரு பாடல் விளங்கவில்லை என்றால், குறை பாடலிலா, படிப்பவரிடமா என்று முதலில் கேளுங்கள் என நாம் வகுப்பில் மாணவர்க்கு அடிக்கடி சொல்வதுண்டு. பழைய கணினிகளின் காந்த நாடாக்களை மீட்டெடுக்கும் வல்லுநர்களும் இதே கேள்வியில்தான் தம் வேலையைத் தொடங்குகிறார்கள் என்று அறிந்தபோது வியந்தோம்.

1964-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் சிஸ்டம்/360 கணினிகளோடு ஒன்பது தட நாடாவை அறிமுகப்படுத்தியது. அரை அங்குல அகலம்; எட்டுத் தடங்களில் தரவு, ஒன்பதாவதில் பிழை கண்டறியும் பிட். ஓடும் நாடாவின் காந்த மாற்றங்களை உணர்ந்து மின்துடிப்புகளாக்குவது ஹெட் எனப்படும் உறுப்பு. இயக்கி இன்று நாடாவைப் படிக்க மறுத்தால், பதிவு அழிந்தது என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது எளிது. ஆனால், அங்குலத்துக்கு 1600 பிட் அடர்த்தியில் எழுதிய நாடாவில் மிகக் குறுகிய காந்த அலையின் நீளம் ஏறத்தாழ 16 மைக்ரான்தான். நாடாவுக்கும் ஹெட்டுக்கும் நடுவே 4 மைக்ரான் அழுக்குப் படிந்தாலே அந்த அலை ஐந்தில் ஒரு பங்காக மெலிந்துவிடும். தலைமயிரின் பருமன் இதைவிடப் பன்மடங்கு!

ஆகவே முதல் வேலை, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடைப்பது. அடுத்து, இழந்தாலும் வருந்தவேண்டாத ஒரு நாடாவை ஓட்டிப் பார்ப்பது. அரிய நாடாவை முதலில் மாட்டுவதே இல்லை. அழுக்கேறிய ஹெட், தான் படிக்கும் எழுத்தையே சுரண்டிவிடக்கூடும்.

துடைத்த பின்னும் ஒரு தடம் மட்டும் மெலிந்து வருகிறதா? எல்லா நாடாக்களிலும் அதே தடம் மெலிந்தால் குறை நாடாவில் இல்லை. தடத்துக்கொரு பெருக்கி அட்டை உள்ள இயக்கிகளில், அத்தடத்தின் அட்டையையும் அடுத்த தடத்தின் அட்டையையும் இடம் மாற்றுகிறார்கள். மெலிவு அட்டையோடு நகர்ந்தால் குற்றம் அட்டையுடையது. இருந்த தடத்திலேயே நின்றால் ஹெட்டையோ அதன் கம்பிகளையோ ஐயுறவேண்டும்.

இன்னொன்று சாய்வு. ஹெட் இம்மியளவு சாய்ந்தாலும் ஒன்பது பிட்டுகளும் ஒருங்கே வந்துசேரா. 800 பிட் அடர்த்தி நாடாக்களில் இது பெருந்தொல்லை. எழுதிய இயக்கியே சாய்ந்திருந்தால், படிக்கும் ஹெட்டையும் அதே அளவு சாய்க்கவேண்டும் என்கிறார்கள். எழுதியவரின் கோணலுக்குப் படிப்பவர் இசைந்துகொடுப்பது!

இச்சாய்வை நாம் ஒருமுறை காதால் உணர்ந்திருக்கிறோம். முதுகலை பயின்ற நாளில் ஒரு மூதாட்டி பாடிய ஒப்பாரிகளைக் கேசட்டில் பதிந்து வைத்திருந்தோம். பின்னாளில் அக்குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மழுங்கி ஒலித்தது. கேசட் போய்விட்டது என்றே பலரும் சொன்னார்கள். பழுதுபார்க்கும் நண்பரொருவர் ஹெட்டைத் துடைத்து, அதன் பக்கத்துச் சிறு திருகை நூலளவு திருப்பினார். பாட்டுக்கு இடையே அம்மூதாட்டி மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அவர் மறைந்து அப்போது சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

பெரிய அளவிலும் இது நிகழ்ந்திருக்கிறது. 1966, 1967 ஆண்டுகளில் நாசா அனுப்பிய ஐந்து லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் எடுத்த நிலவுப் படங்கள், ஏறத்தாழ 1,500 நாடாக்களில் பதிவாகி இருந்தன. அவை குப்பைக்குப் போகாமல் காத்தவர் நான்சி எவன்ஸ் என்னும் பெண்மணி. அவற்றைப் படிக்கவல்ல ஆம்பெக்ஸ் எஃப்.ஆர்.-900 இயக்கிகளையும் அவரே பல்லாண்டு பேணிவைத்தார். கலிபோர்னியாவில், நாசா ஏம்ஸ் வளாகத்தில் மூடிக்கிடந்த ஓர் உணவகத்தில், டென்னிஸ் விங்கோ, கீத் கௌவிங் ஆகியோரின் குழு அவ்வியக்கிகளைச் சீர்செய்தது. ஹெட்டுகள் புதுப்பிக்கப்பட்டன. 2008 நவம்பரில், நிலவின் விளிம்புக்கு அப்பால் தெரியும் பூமியின் படம் வெளிவந்தது. அது 1966 ஆகஸ்ட் 23 அன்று எடுத்த படம். அந்நாளில் உலகம் கண்டதைவிடத் தெளிவாக இருந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகளாக எழுத்து அழியவில்லை. படிக்கும் கண்தான் இல்லாமல் இருந்தது.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய நாடா உறங்கிக்கொண்டிருக்கலாம். ஒலிக்கவில்லை என்று எறிவதற்குமுன், அதைப் படித்த கருவியை ஒருமுறை துடைத்துப் பாருங்கள்.