வெறுங்காலுக்கு ஒரு தரை

விருதுநகரிலிருந்து கோவில்பட்டி வரைக்கும் வீட்டுத் தோட்டம் போட்டுக் கொடுப்பது இருபது வருடத்துக்கும் மேலாக என் தொழில். முன்பெல்லாம் புது வீடு கட்டியவர்கள் ‘லான் போடணும்’ என்று வருவார்கள். இப்போது பாதிப்பேர் போனை எடுத்ததுமே, ‘ஆர்ட்டிஃபிஷியல் கிராஸ் சதுர அடி என்ன ரேட்டு அண்ணாச்சி?’ என்கிறார்கள். ரேட்டு சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன். அந்தத் தரையில் யார், எத்தனை மணிக்குக் கால் வைக்கப் போகிறார்கள்?

அவர்கள் பிளாஸ்டிக் புல்லைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கோடை வெயிலில் புல்தரை பச்சையாக நிற்க ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீராவது வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர். 600 சதுர அடி என்றால் ஏறக்குறைய 55 சதுர மீட்டர். தினம் 275 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆள் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஐந்து பேர் குடிக்க, குளிக்க, சமைக்க வைத்த தண்ணீரை வாசலில் கிடக்கும் கொரியன் புல் குடித்துவிடும். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் இன்னும் மோசம். புல்லின் நுனி கருகும், மண்மேல் வெள்ளை பூக்கும், அந்த உப்பை வேருக்குக் கீழே தள்ள மேலும் தண்ணீர் விட வேண்டும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கி லான் நனைத்த வீடுகளைப் பார்த்து மனசு கேட்காமல்தான் நானும் செயற்கைப் புல் போடக் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொள்ள நிறைய இருந்தது. பார்ப்பவர்களுக்கு அது பாய் விரிப்பது போலத் தெரியும். ஒவ்வொரு ரோலிலும் இழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். இரண்டு ரோலையும் ஒரே சாய்வில் போடாவிட்டால், ஒரே நாளில் ஒரே கம்பெனியில் வாங்கியதாக இருந்தாலும் ஒன்று வெளிறியும் ஒன்று கறுத்தும் தெரியும். வெட்டுவதும் மேல்பக்கத்தில் இல்லை. புரட்டிப்போட்டு, பின்பக்கத்துத் தையல் வரிசை இரண்டுக்கும் நடுவில் கத்தியை ஓட்ட வேண்டும். தையலை அறுத்தால் ஆறு மாதத்தில் அந்த வரிசை முழுக்க உதிரும்.

மண்தான் எனக்குப் பெரிய பாடம் சொல்லிக் கொடுத்தது. சாத்தூர் பக்கம் கரிசல் நிலத்தில் கட்டிய ஒரு வீட்டில், மேல் மண்ணை அரை அடி எடுத்துவிட்டு கிரஷர் தூள் கொட்டித் தட்டி, மேலே புல்லை ஒட்டிக் கொடுத்தேன். தை மாதம் போட்டது. சித்திரையில் கரிசல் வெடித்தது. மேலே ஒட்டு பிரிந்து விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. ஐப்பசி மழையில் அதே மண் உப்பி, நடுவில் மேடு தட்டிவிட்டது. என் கையிலிருந்து செலவழித்து முழுதும் பிரித்து, இரண்டடி ஆழத்துக்குக் கரிசலை வாரிவிட்டுச் சரள் நிரப்பித் திரும்பப் போட்டேன். அதிலிருந்து கரிசல் என்றால் அந்த ஆழம் தோண்டாமல் வேலையை ஒப்புக்கொள்வதில்லை. செலவு கூடுகிறது என்று விட்டுப் போனவர்களும் உண்டு.

சிலர் தோண்டவே வேண்டாம், சிமெண்ட் போட்டு மேலே விரித்துவிடு என்பார்கள். அதை நான் செய்வதில்லை. மழைநீர் சேமிப்பைத் தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கினார்கள். ஒரு பக்கம் அதற்குக் குழி வெட்டிவிட்டு, இன்னொரு பக்கம் வீட்டின் ஒரே மண் தரையை மூடுவது என்ன கணக்கு? இழைகளுக்கு நடுவே நிரப்பவும் ரப்பர் தூளைத் தொடுவதில்லை, சலித்த மணல்தான். மழையில் அடித்துப்போகும் அந்த நுண்பிளாஸ்டிக்குக்காகவே ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் கொண்டுவந்தது. 2031க்குப் பிறகு அங்கே அதை விற்க முடியாது.

கோவில்பட்டியில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் வீட்டில்தான் எனக்குச் சூடு உறைத்தது. ‘தண்ணி ஊத்த என்னால முடியல தம்பி. பச்சையா இருந்தா போதும்’ என்றார். தென்பக்கம் நல்ல திறந்த இடம், 600 சதுர அடி. அங்கே போடலாமா என்று முடிவெடுக்க, மாதிரித் துண்டு ஒன்றை மே மாதம் மதியம் தரையில் விரித்து, தெர்மாமீட்டரைப் பிடித்தேன். 66 டிகிரி. பக்கத்தில் தானாக முளைத்திருந்த அருகம்புல்லில் 41. டீச்சரின் பேத்தி, நான்கு வயதிருக்கும், ஓடிவந்து அந்தத் துண்டின்மேல் ஏறியவள் அலறிக்கொண்டு குதித்தாள். உயிருள்ள புல் தண்ணீரை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்த்திக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அந்த வழி கிடையாது. தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். அரைமணி நேரத்தில் மறுபடி பழைய சூடு.

இந்தப் புல் பேர் வாங்கிய இடத்தை நினைத்தால் காரணம் விளங்கும். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து ஆஸ்ட்ரோடோம், கூரை மூடிய மைதானம். கண் கூசுகிறது என்று கூரையில் வெளிச்சம் புகும் தகடுகளுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். வெளிச்சம் போய் உள்ளே இருந்த புல் செத்தது. 1966இல் செயற்கைப் புல்லை விரித்தார்கள். வெயில் இல்லாத இடத்துக்கு வந்த சரக்கு அது.

அதனால் நிழல் இருக்கும் இடத்தில்தான் போடச் சொல்வேன். நிழல் பார்ப்பதிலும் பலர் ஏமாறுகிறார்கள். வடக்குப் பக்கம் எப்போதும் குளிர்ச்சி என்று நினைப்பார்கள். எங்கள் ஊரில் சித்திரை பிறந்ததும் உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும், ஆவணியில்தான் திரும்பும். கடும் கோடையில் வடக்கு வாசலிலும் மதியம் நேர் வெயில்தான். கிழக்குப் பக்கம், மதியத்துக்கு மேல் வீட்டு நிழல் விழும் இடம், சாயங்காலம் குழந்தைகள் விளையாட ஏற்றது.

டீச்சர் வீட்டிலும் கிழக்கே 90 சதுர அடி மட்டும் போட்டோம். தென்பக்கத்துக்கு நான் சொன்னது பொடுதலை. ‘அது கண்மாய்க் கரையில கிடக்கிற பூண்டுல்ல? பொடுகுக்குத் தேய்ப்போம்’ என்றார். அதேதான். கலிஃபோர்னியாவில் லானுக்குப் பதிலாக ‘குராபியா’ என்ற பேரில் விற்கும் செடி, ஜப்பானில் தேர்ந்தெடுத்து வளர்த்த பொடுதலைதான். தரையோடு படரும், உப்பைத் தாங்கும், வேர் பிடித்துவிட்டால் வாரம் ஒரு தண்ணீர் போதும். பூத்தால் தேனீ வரும் என்பதால் பேத்தி வரும் விடுமுறைக்கு முன் ஒருமுறை அறுத்துவிடச் சொன்னேன். கூடவே நடுவில் ஒரு வேப்பங்கன்று.

மூன்று வருடம் ஆகிறது. போன மே மாதம் அந்தப் பக்கம் போனபோது, மதியம் இரண்டு மணிக்கு வேம்பின் நிழலில் பொடுதலைமேல் தெர்மாமீட்டரைப் பிடித்தேன். 36 காட்டியது. டீச்சர் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, அங்கே நின்றபடியே மோர் வேணுமா என்று கேட்டார்.