கேட்கும் உரிமைக்குக் கட்டணம்: மாத்தளையில் ஒரு கல்வியாண்டின் குறிப்புகள்

ஜனவரி 14, தைப்பொங்கல்

மாத்தளை நகரிலும் உக்குவளை, இறத்தோட்டை முதலிய அயலூர்களிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர் தனியார் பள்ளி என்று பேசும்போது பெரும்பாலும் சர்வதேசப் பாடசாலையையே கருதுகின்றனர். அது கல்வி அமைச்சின் கீழ் இயங்கும் பாடசாலையன்று, கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவான நிறுவனம். இலங்கையில் 1945இல், அப்போதைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பின்னர் 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும், சமய நிறுவனங்கள் நடத்திவந்த உதவி பெறும் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அரசின் பொறுப்புக்கு மாற்றியதோடு, 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காகத் தனியார் புதிதாகப் பாடசாலை தொடங்குவதையும் தடுத்தன. பாடசாலையாகத் தொடங்க முடியாததைக் கம்பனியாகத் தொடங்கலாம் என்ற நிலை அதன்பின் உருவாயிற்று.

பெற்றோர் இத்தகைய பள்ளியை நாடுவதற்கு ஒரு காரணம், தரம் 1 அனுமதிக் காலத்தில் அவர்கள் படும் பாடு. நகரின் பெயர்பெற்ற அரச பாடசாலைகளில் இடங்களின் பெரும்பகுதி அருகில் வசிப்போரின் பிள்ளைகளுக்கும் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும் ஒதுக்கப்படுவதால், வாடகை வீட்டில் இருப்பவரும், தோட்டத்தை விட்டு அண்மையில் நகருக்கு வந்தவரும் வாக்காளர் பதிவும் உறுதிப்பத்திரமும் காட்ட முடியாமல் பின்தங்கிவிடுகின்றனர். மறுபுறம், அரச ஆரம்பப் பிரிவில் கற்பிக்கும் மொழி தமிழோ சிங்களமோதான். ஆங்கிலம் தரம் 1, 2 ஆகியவற்றில் வாய்மொழிப் பயிற்சியாகவும் தரம் 3இலிருந்து பாடமாகவும் மட்டுமே வருகிறது. முதல் நாளிலிருந்தே ஆங்கில மொழிமூலம் வேண்டும் என்பவருக்குக் கட்டணம் கட்டுவதைத் தவிர அனேகமாக வேறு வழியில்லை.

பெப்ரவரி, இரண்டாம் வாரம்

பள்ளியின் பண்பாடு எத்தகையது என்று கேட்டால் பெற்றோர் பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசுவது அரிது. படலையில் நிற்கும் காவலாளி பிள்ளையின் பெயரை அறிந்திருக்கிறாரா, வகுப்பு மிஸ் தொலைபேசியை எடுக்கிறாரா, சாப்பாட்டுப் பெட்டிக்கு அட்டவணை உண்டா என்பவையே அவர்களது அளவுகோல்கள். திங்களுக்கு அவித்த கடலை, செவ்வாய்க்கு ரொட்டி, புதனுக்கு இடியப்பம், வெள்ளிக்குப் பயறு என்று ஒரு தாள் வீட்டுக்கு வந்துவிட்டால், அதை ஒழுங்கின் அடையாளமாகத் தாய்மார் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைக்கின்றனர். பாடசாலை வான் சாரதியின் சொல்லுக்கும் தனி மதிப்புண்டு: பல பள்ளிகளுக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அவர், எந்தப் பள்ளியில் பிள்ளைகள் கத்திக்கொண்டு இறங்குகின்றனர், எங்கே அழுதுகொண்டு இறங்குகின்றனர் என்பதை நாள்தோறும் காண்பவர். விளம்பரப் பலகையை விட அவரது கணிப்பைப் பெற்றோர் நம்புவதில் தவறேதுமில்லை.

ஆயினும் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையிலான உறவு முழுவதும் அடங்கியிருப்பது டயரி எனப்படும் குறிப்பேட்டில்தான். பள்ளியின் இலச்சினை பொறித்த அட்டை, வாரத்துக்கு ஒரு பக்கம், வலப்புறத்தில் ஆசிரியரின் குறிப்பு, அடியில் பெற்றோரின் கையொப்பம் என அமைந்த அந்தக் கொப்பியில் ஆசிரியர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். ஆங்கிலம் எழுதப் பழக்கமில்லாத தாய் மூத்த பிள்ளையிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ கேட்டு இரண்டு வரி எழுதுகிறார், அல்லது துணிந்து தமிழிலேயே எழுதிவிடுகிறார். தமிழில் எழுதியதற்குத் தமிழிலேயே பதில் வந்த பள்ளியைப் பற்றி அந்தத் தாய் ஊரெல்லாம் நல்லதாகச் சொல்வார். கையொப்பத்துக்கு மேல் வெறும் சரி அடையாளம் மட்டும் விழுந்த பள்ளியைப் பற்றிச் சொல்வதற்கு அவரிடம் ஏதும் இருக்காது.

இந்தப் பதிலின் அருமையை உணர முந்தைய தலைமுறையின் பள்ளியை நினைத்துப்பார்க்க வேண்டும். மலையகத் தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் ஒரே மண்டபமும் பெரும்பாலும் ஒரே ஆசிரியருமாகத் தோட்ட நிருவாகத்தின் நிழலில் இருந்தன. 1977 முதல் அரசு அவற்றைக் கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்றது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்திலிருந்து வந்த தந்தை மாஸ்டரிடம் பிள்ளையின் படிப்பைப் பற்றி விசாரிப்பது வழக்கமாக இருக்கவில்லை; கூப்பிட்டால் போய் நிற்பதே வழக்கம். அத்தகையோரின் பேரப்பிள்ளைகளில் ஒரு பகுதியினர் இன்று கட்டணப் பள்ளியில் படிக்கின்றனர். அவர்களது பெற்றோர் விலை கொடுத்து வாங்குவது ஆங்கிலத்தை மட்டுமன்று, பள்ளியைக் கேள்வி கேட்கவும் பதில் பெறவும் தமக்குள்ள உரிமையையும்தான் என்பது இந்த ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பத் தென்படும் உண்மை.

மாசி மகம்

மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்தின் ஐந்து தேர்களும் வீதிக்கு வரும் நாளில் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை. அன்றைய வருகையின்மையைப் பள்ளி எவ்வாறு பதிவுசெய்கிறது என்பதைப் பெற்றோர் கவனிக்கின்றனர்.

மே

பெற்றோரிடையே உள்ள பிளவு தமிழ்ப் பாடம் பற்றியது. வகுப்பறைக்குள் ஆங்கிலமே பேச வேண்டும் என்ற விதியைத் தந்தையர் பலர் வரவேற்க, பாட்டியோடு பேசத் தடுமாறும் பிள்ளையைக் கண்ட தாய்மார் தமிழ்ப் பாடநேரம் போதாதென்று முறையிடுகின்றனர். சிங்கள, முஸ்லிம், தமிழ்ப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பதை ஏறக்குறைய எல்லோரும் பாராட்டுகின்றனர். மொழியின் அடிப்படையில் பிரிந்து நிற்கும் அரசப் பாடசாலை அமைப்பு எளிதில் தராத ஒன்று அது. இவ்விடயத்தில் தனியார் பள்ளிக்குச் சேர வேண்டிய பெருமையை மறுப்பதற்கில்லை.

ஓகஸ்ட்

நாடெங்கும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான பரபரப்பு உச்சமடையும் காலம். பத்து வயதுப் பிள்ளையைப் பாடசாலை முடிந்ததும் ரியூஷன் வகுப்புக்கும், அது முடிந்ததும் மாதிரி வினாத்தாளுக்கும் இழுத்துச் செல்லும் இந்தப் பரீட்சையிலிருந்து தம் பிள்ளை தப்பியதே பெரிய ஆறுதல் என்று சர்வதேசப் பாடசாலைப் பெற்றோர் சொல்வர். அதே பெற்றோர், அந்தப் பரீட்சையின் வெட்டுப்புள்ளி வழியாகத்தான் பெரிய அரசப் பாடசாலைகளின் தரம் 6க்கு நுழைய முடியும் என்பது நினைவுக்கு வரும்போது அமைதியிழப்பர்.

ஒக்டோபர் 6, ஆசிரியர் தினம்

அரசப் பாடசாலைகளில் இன்று பிள்ளைகள் வெற்றிலை கொடுத்து ஆசிரியரின் காலில் விழுந்து வணங்குவர். கட்டணப் பள்ளியில் வாழ்த்து அட்டையும் கேக்கும் மேலோங்குகின்றன. ஆசிரியரிடம் பயமில்லாத பிள்ளையைப் பார்த்து மகிழும் பெற்றோரே, பயமில்லாததால் மரியாதையும் இல்லையென்று குறைபடுவதும் உண்டு. கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடல்ரீதியான தண்டனையை விலக்கியபோதும், பிரம்பு இல்லாத வகுப்பறை காசு கொடுத்தால் மட்டுமே கிடைக்கும் என்ற எண்ணம் மாறவில்லை. இது அரசப் பாடசாலை ஆசிரியர் பலருக்கு அநீதியான எண்ணம்.

டிசம்பர்

அடுத்த ஆண்டுக் கட்டணம் பற்றிய அறிவித்தல் டயரியில் ஒட்டப்பட்டு வரும்போது உறவின் மறுபக்கம் வெளிப்படுகிறது. அரசப் பாடசாலையில் பெற்றோரும் ஆசிரியரும் பழைய மாணவரும் அங்கம் வகிக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. நடைமுறையில் அது எவ்வளவு மந்தமாக இயங்கினாலும், அங்கே பெற்றோர் உறுப்பினர். கம்பனியாக நடக்கும் பள்ளியில் அவர் வாடிக்கையாளர். பிள்ளையின் காய்ச்சலைப் பற்றிக் கேட்டால் அன்று மாலையே பதில் கிடைக்கிறது, கட்டணம் ஏன் உயர்ந்தது, நல்ல ஆசிரியர் ஏன் இடைநடுவில் விலகினார் என்று கேட்டால் முகாமைத்துவம் முடிவெடுத்தது என்பதோடு பேச்சு முடிகிறது. அதை ஏற்க முடியாத பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம்; ஆனால் அரசப் பாடசாலைகளின் இடைத்தரங்களில் வெற்றிடம் இருந்தால்தான் அனுமதி. ஆகவே சிலர் இந்த விடுமுறையிலேயே, அடுத்த தவணைக் கட்டணத்தைக் கட்டிய பற்றுச்சீட்டோடு, அரசப் பாடசாலை அதிபர் ஒருவருக்கான விண்ணப்பக் கடிதத்தையும் எழுதி வைத்திருக்கின்றனர்.