வானத்துக்கு விட்ட மூன்றில் ஒரு பங்கு

வீட்டில் பொருள்களைக் குறைத்து, வெறுஞ்சுவரும் வெற்றிடமுமாக வாழ்வதே அழகு என்னும் எண்ணம் இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. 'மினிமலிசம்' என்பது அதன் பெயர். பிள்ளைகள் அந்தப் பாணியில் வீட்டைப் புதுப்பிக்கும்போது, மூத்தோரின் மரப்பெட்டியும் பித்தளைக் குடமும் முதலில் வெளியேறுகின்றன. அப்படிக் கிடைத்த வெற்றிடம் எதற்காக என்று கேட்டால், பெரும்பாலும் விடை வருவதில்லை. விடை உள்ள வீடு ஒன்று ஜப்பானின் ஒசாகா நகரில் இருக்கிறது.

சுமியோஷி என்னும் பகுதியில், ஒட்டி நின்ற மூன்று பழைய மர வீடுகளுள் நடுவில் இருந்ததை அகற்றி, 1976-இல் அது கட்டப்பட்டது. வடிவமைத்தவர் டாடாவோ ஆண்டோ. 1941-இல் அந்நகரிலேயே பிறந்தவர். இளமையில் குத்துச்சண்டை வீரர். கட்டடக் கலையைக் கல்லூரியில் பயிலாமல், நூல்களாலும் பயணங்களாலும் தாமே கற்றவர். பின்னாளில், 1995-இல், அத்துறையின் உயரிய விருதாகிய பிரிட்ஸ்கர் பரிசைப் பெற்றார். அவாஜி தீவில் தாமரைக் குளத்தின் அடியில் ஒரு பௌத்த ஆலய மண்டபத்தை அமைத்தவரும் அவரே. குளத்தின் நடுவே படியிறங்கித்தான் உள்ளே செல்லவேண்டும்.

சுமியோஷி மனையின் அகலம் ஏறத்தாழ 11 அடி. நீளம் 46 அடி. வேறு எவரும் அங்குலம் விடாமல் அறையாக்கியிருப்பர். ஆண்டோவோ அதை மூன்று சம பங்காக்கி, நடுப்பங்கை வானத்துக்கு விட்டுவிட்டார். தெருப்பக்கம் வாயிலைத் தவிரத் திறப்பே இல்லாத, பூச்சற்ற கான்கிரீட் சுவர். முன்புறம் கூடம், பின்புறம் சமையலறையும் குளியலறையும், மாடியில் இருபுறமும் அறைகள், நடுவே கூரையில்லாத முற்றம். மாடிப்படியும், மாடியறைகளை இணைக்கும் பாலமும் அம்முற்றத்திலேயே உள்ளன. நகர நெருக்கடியிலும் வெயில், காற்று, மழை ஆகியவற்றை மனிதன் உணரவேண்டும் என்பதே அவர் கருத்து.

அதற்கு விலையும் உண்டு. மழைநாளில் கூடத்திலிருந்து உணவருந்தச் செல்வதற்குக் குடை வேண்டும். குளிர்கால நள்ளிரவில் மாடியிலிருந்து கழிப்பறைக்குச் செல்பவர் திறந்த படிகளில் இறங்கவேண்டும். முழங்கால் வலி அறிந்தவர்க்கு இது சிறிய செய்தியன்று. பரிசுத் தேர்வுக்காகப் பார்வையிட வந்த மூத்த கட்டடக் கலைஞர் டோகோ முரானோ, அங்கே குடியிருப்பவர்க்கே பரிசு தரவேண்டும் என்று கருதினாராம். ஆண்டோவே இதைச் சொல்வதுண்டு.

நம் பழைய முற்ற வீடுகளில் சுற்றிலும் தாழ்வாரம் உண்டு, நனையாமல் நடக்கலாம். ஒசாகா வீட்டில் அந்தக் கருணைக்கு இடமில்லை. மனையின் அகலம் அப்படி. ஆயினும், அங்கே நீக்கியதற்கு ஈடாக ஒன்று வந்து சேர்ந்தது: நாள்தோறும் தலைக்கு மேல் ஒரு துண்டு வானம்.

ஆகவே, எளிமையின் பெயரால் வீட்டை மாற்றுவோர் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒழித்த இடத்தில் எது வந்து அமரப்போகிறது? அவ்வீட்டில் மிக மூத்தவர் நள்ளிரவில் விளக்கைத் தேடித் தடுமாறாமல், துணையின்றி நடக்க முடியுமா? இரண்டுக்கும் நல்ல விடை இருக்குமானால், சுவர் வெறுமையாய் இருப்பினும் வீடு நிறைந்தே இருக்கும்.