கோடு எங்கே வளைந்தது?

நிலம் அளந்து சம்பளம் வாங்கியவன் நான். திருமயம் வட்டத்தில் பல ஊர்களின் புலப்படங்களில் என் கை இழுத்த கோடுகள் இருக்கின்றன. சங்கிலி பிடித்த காலம் முதல் டோட்டல் ஸ்டேஷன் என்ற கருவி வரை பார்த்தாயிற்று. ஓய்வு பெற்ற பிறகு இடது கண்ணில் விழித்திரை கிழிந்து விலகியது. அறுவை செய்தார்கள். கண்ணுக்குள் வைத்த கேஸ் கரைந்து காட்சி தெளிந்தபோது, அந்தக் கண்ணுக்கு உலகத்தில் ஒரு நேர்கோடும் மிச்சமில்லை.

வலக்கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் ஜன்னலின் குறுக்குக் கம்பி நடுவில் தொய்ந்து இறங்குகிறது. செய்தித்தாளில் வரிகள் பள்ளத்தில் இறங்கி ஏறுகின்றன. மனைவியின் முகத்தில் ஒரு கண் சற்றுக் கீழே, சற்றுச் சிறிதாக இருக்கிறது. இரண்டு கண்ணையும் திறந்தால் இரண்டு காட்சியும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காருவதில்லை. இடது கண்ணின் படம் கொஞ்சம் சின்னதாக, கொஞ்சம் கீழே நிற்கிறது. டீயை டம்ளரில் ஊற்றினால் விளிம்புக்கு வெளியே போகிறது. 1687இல் சேதுபதி மன்னர் கட்டிய எங்கள் திருமயம் கோட்டையின் மதில் விளிம்பு, புதுக்கோட்டைச் சாலையிலிருந்து பார்க்கும்போது வானத்தில் சீராக ஓடும். இப்போது அதில் ஒரு குழி. கடியாபட்டியில் உறவினர் வீட்டுக்குப் போனால் தரையைப் பார்க்காமல் நடக்கிறேன். ஆத்தங்குடிக் கல் பதித்த கட்டம் கட்டமான தரை அது. இடது கண்ணுக்கு அங்கே ஓரிடத்தில் தரையே அமுங்கிக் கிடக்கும்.

மருத்துவமனையில் கேட்டேன். "ரெட்டினா நல்லா ஒட்டியிருக்கு ஐயா. போர்டுல இத்தனை வரி படிக்கிறீங்க. நல்ல ரிசல்ட்" என்றார் டாக்டர். அவர் சொன்னது முழுக்க உண்மை. விலகிய விழித்திரை ஒட்டாமல் போயிருந்தால் அந்தக் கண்ணில் வெளிச்சம்கூட நிற்காமல் போயிருக்கலாம். ஆனால் ஒட்டியது ஏன் கோணலாகக் காட்டுகிறது என்ற கேள்விக்கு "போகப் போகச் சரியாயிடும்" என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை. எல்லைத் தகராறு என்று வருகிறவரிடம் நான் ஒருநாளும் அப்படிச் சொல்லி அனுப்பியதில்லை. கல் எங்கே இருந்தது, எப்போது நகர்ந்தது, யார் நகர்த்தினார் என்று பழைய படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்போம். என் கண்ணுக்கும் அதைச் செய்ய வேண்டும் என்று தோன்றியது.

கண் பரிசோதனைப் படிப்பு படித்து வேலையில் இருக்கிறாள் என் தங்கை மகள். அவள்தான் தொடங்கிவைத்தாள். "மாமா, இதுல வரைஞ்சு காட்டுங்க" என்று ஒரு தாளை நீட்டினாள். 10 செ.மீ. சதுரம்; அதற்குள் 5 மி.மீ. கட்டங்கள், ஒரு பக்கத்துக்கு 20, மொத்தம் 400. நடுவில் ஒரு புள்ளி. படிக்கும் தூரத்தில், ஏறத்தாழ 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, புள்ளியை விட்டுப் பார்வையை எடுக்காமல், சுற்றியுள்ள கோடுகள் எப்படித் தெரிகின்றன என்று சொல்ல வேண்டும். அம்ஸ்லர் கட்டம் என்று பெயர்.

அந்தத் தாளைக் கையில் வாங்கியதும் எனக்கு ஒரு உற்சாகம் வந்தது. அந்தத் தூரத்தில் ஒரு கட்டம் கண்ணில் உண்டாக்கும் கோணம் ஏறக்குறைய 1 டிகிரி. 1 டிகிரி என்பது விழித்திரையில் சுமார் 0.3 மி.மீ. ஆக இது வெறும் கோடு போட்ட தாள் இல்லை, கண்ணுக்கு ஒரு புலப்படம். நான் பென்சிலை எடுத்து வரைந்தேன். செங்குத்துக் கோடுகள் அநேகமாக நேராகவே நின்றன. படுக்கைக் கோடுகள்தாம் இறங்கின. புள்ளிக்குச் சற்று மேலே உள்ள கோடு நடுவில் அரைக் கட்டம் கீழே வந்து மறுபடி ஏறுகிறது. அரைக் கட்டம் என்றால் 0.15 மி.மீ. மயிரிழை இரண்டைச் சேர்த்து வைத்த அகலம். இத்தனை சின்ன நகர்வுக்கா ஒரு மனிதன் படியிறங்கத் தடுமாறுகிறான்?

தாளைச் செய்தவர் யார் என்று தேடினால் தாளுக்குப் பின்னால் இன்னொருவர் நிற்கிறார். மார்க் அம்ஸ்லர் ஸ்விட்சர்லாந்துக் கண் மருத்துவர். 1940களில் இந்தக் கட்டத்தைப் பரிசோதனை முறையாக ஆக்கினார். அவர் லோசான் நகரில் உதவியாளராக இருந்தது ஜூல் கோனின் என்பவரிடம். 1935இல் கோனின் இறந்ததும் அவருடைய பொறுப்புக்கு வந்தவரும் அம்ஸ்லரே. விழித்திரை விலகலுக்கு முதன்முதலில் பலன் தரும் சிகிச்சை கண்டவர் அந்தக் கோனின்தான். எனக்கு வந்த நோய்க்கான சிகிச்சையும், அந்த நோய் விட்டுச்சென்ற கோணலை அளக்கும் தாளும் ஒரே குரு-சீடர் வழியில் வந்தவை.

கோனினுக்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்று படித்தபோது கை நடுங்கியது. 1851இல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்தார். அதன்பின் விலகிய விழித்திரையை டாக்டர்களால் பார்க்க முடிந்தது. ஒன்றும் செய்ய முடியவில்லை. நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்து, இரண்டு கண்ணையும் கட்டி, வாரக்கணக்கில் அசையவிடாமல் வைத்திருப்பார்கள். 1912இல் அமெரிக்காவில் கண் மருத்துவர்களிடம் விசாரித்துப் பார்த்ததில் ஆயிரத்தில் ஒருவருக்குக் குணமானால் அதிகம் என்று தெரிந்தது.

விழித்திரையில் விழும் கிழிசல்தான் காரணம், அதை அடைத்தால் போதும் என்றார் கோனின். வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் கூழ் நீர்த்துச் சுருங்குகிறது. சுருங்கும்போது சிலருக்கு அது விழித்திரையைப் பிடித்து இழுத்துக் கிழித்துவிடும். கிழிசல் வழியே நீர் பின்னால் புகுந்து திரையைச் சுவரிலிருந்து பிரிக்கும். என்னைப் போலச் சின்ன வயதிலிருந்தே கனமான மைனஸ் கண்ணாடி போட்டவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். கண்புரை அறுவை செய்தவர்களுக்கும், கண்ணில் அடிபட்டவர்களுக்கும் அப்படியே. கோனின் கிழிசல் இருக்கும் இடத்தை வரைபடமாக வரைவார். பிறகு வெளியிலிருந்து அதே இடத்தை அளந்து குறித்து, பழுக்கக் காய்ச்சிய முனையால் சுட்டு மூடுவார். அளந்து, குறித்து, பிறகு கை வைப்பது! அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பல ஆண்டுகள் பெரும்பாலோர் நம்பவில்லை. 1929இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலகக் கண் மருத்துவ மாநாட்டில்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

அங்கிருந்து நம் பக்கத்துக்கு வரும் வழியும் தெரிகிறது. பெல்ஜியத்தில் பிறந்த சார்லஸ் ஸ்கெப்பென்ஸ், போர்க்கால லண்டனில் இருந்தபோது, தலையில் மாட்டிக்கொண்டு இரண்டு கண்ணாலும் விழித்திரையின் ஓரம் வரை பார்க்கும் கருவியை உருவாக்கினார். பிறகு பாஸ்டனுக்குப் போனார். அங்கே அவரிடம் பயின்றவர் நம் திருவல்லிக்கேணியில் பிறந்த எஸ்.எஸ். பத்ரிநாத். ஊர் திரும்பி 1978இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார், 2023இல் காலமானார். இன்று திருச்சியிலோ மதுரையிலோ விழித்திரை டாக்டர் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, கையில் லென்ஸைப் பிடித்து, "மேலே பாருங்க, வலது பக்கம் பாருங்க" என்று சொல்லும்போது பயன்படுவது அந்தக் கருவியின் வழிவந்ததுதான். இப்போது பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு முதல் அறுவையிலேயே ஒட்டிவிடுகிறது. ஆயிரத்தில் ஒன்றிலிருந்து இங்கே வந்திருக்கிறோம்.

அதனால்தான் ஒரு நூற்றாண்டாக டாக்டர்கள் கேட்ட கேள்வி "ஒட்டியதா?" என்பது மட்டுமாக இருந்திருக்கிறது. அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எப்படி ஒட்டியது, எந்த இடத்தில் ஒட்டியது என்ற கேள்வி மிகச் சமீபத்தியது. எனக்குப் பதில் இருந்தது அங்கேதான்.

ஜப்பானில் ஷிராகாமி என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வு அது. தங்கை மகள் எனக்கு வரி வரியாகச் சொன்னாள். அறுவையில் விழித்திரை ஒட்டிய கண்களை ஒரு சிறப்பு ஒளிப்படம் எடுத்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் ரத்தக் குழாய்களுக்குப் பக்கத்தில், அவற்றுக்கு இணையாக, மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. குழாய் பல ஆண்டுகள் மறைத்துக் கிடந்த பின்சுவரின் இடம் அது. விழித்திரை நகர்ந்து ஒட்டியதால் குழாய் தள்ளிப்போய், பழைய இடம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. வரப்பைத் தள்ளிப் போட்ட வயலில் பழைய வரப்பின் தடம் பல காலம் தெரியுமே, அதேதான்.

அந்தப் படத்தை எனக்கும் எடுக்க வேண்டும் என்று வேறொரு மருத்துவமனையில் கேட்டு எடுத்துக்கொண்டேன். சாம்பல் நிறத் திரையில் கறுப்பாகக் கிளை பிரியும் குழாய்கள். மேல்பாதியில் ஒரு குழாயை ஒட்டி, அதற்கு மேலே, நூல் போல் ஒரு வெள்ளைக் கோடு, வளைவுக்கு வளைவு அதே வடிவில். குழாய் கீழே இறங்கியிருக்கிறது. ஸ்கேன் எடுத்ததில் விழித்திரையின் மேல் சவ்வு எதுவும் படரவில்லை, பின்னால் நீரும் இல்லை. அப்படி இருந்தால் அவையும் கோடுகளை வளைக்கும். என் விஷயத்தில் முக்கியக் காரணம் நகர்வுதான். இன்னொன்றும் உண்டு. மாக்குலா என்ற நடுப்பகுதி விலகிக் கிடந்த நாட்களில் அங்குள்ள பார்வை அணுக்கள் உணவில்லாமல் சிதைகின்றன. ஒட்டிய பிறகும் பழைய ஒழுங்கில் அவை நிற்பதில்லை.

நகர்வு ஏன் கீழ்நோக்கி? கேஸ் குமிழி மேலே எழும்பும். அறுவை முடிந்தும் விழித்திரைக்குப் பின்னால் கொஞ்சம் நீர் தங்கியிருக்கும். நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்தால் குமிழி மேல்பகுதியை அழுத்த, நீர் கீழே ஒதுங்க, திரை அதோடு இழுபட்டு இறங்குகிறது. கீழே இறங்கிய திரை தன் பழைய இடத்தின் கணக்கிலேயே மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. ஆகவே பொருள் இருக்கும் இடத்தைவிடத் தாழ்வாகத் தெரிகிறது. என் தாளில் படுக்கைக் கோடுகள் மட்டும் இறங்கியதன் கணக்கு இத்தோடு நேராயிற்று.

அறுவை முடிந்ததும் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னது எதற்கு என்பதும் அப்போதுதான் விளங்கியது. திண்ணையில் தலையணையில் நெற்றியைக் கொடுத்துக் கவிழ்ந்து கிடப்பேன். பார்வையின் நடுவில் கறுப்பு விளிம்போடு வட்டமான குமிழி ஆடிக்கொண்டே இருக்கும். எழுந்தால் அது ரசமட்டம் போல் ஒரு கோடாக மாறும். நாளாக ஆக அந்தக் கோடு கீழே இறங்கி, கடைசியில் ஒரு சின்னப் பொட்டாகி ஒருநாள் காணாமல் போயிற்று. குப்புறக் கிடப்பது கிழிசலை அடைக்கத்தான் என்று நினைத்திருந்தேன்; திரை நகராமல் இருக்கவும்தான் அது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், அறுவை முடிந்ததும் முதல் 24 மணி நேரம் குப்புற இருந்தவர்களில் 42 விழுக்காட்டினருக்கும், அப்படி இல்லாமல் கிழிசல் இருக்கும் பக்கத்துக்கு ஏற்றபடி படுத்தவர்களில் 58 விழுக்காட்டினருக்கும் திரை நகர்ந்திருந்தது. இரட்டைக் காட்சியும் முதல் கூட்டத்துக்குக் குறைவு.

கனடாவில் 176 பேரை வைத்து நடந்து 2019இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி போகிறது. கூழை வெட்டி எடுக்கும் பெரிய அறுவையில் 93 விழுக்காட்டினருக்கு ஒரே தடவையில் ஒட்டியது. கண்ணுக்குள் கேஸ் ஊசி மட்டும் போட்டு, கிழிசலுக்கு லேசரோ உறைய வைக்கும் சிகிச்சையோ கொடுத்தவர்களில் 81 விழுக்காடுதான். "ஒட்டியதா?" என்று மட்டும் கேட்டால் முதலாவதே வெற்றி. ஆனால் ஓராண்டு கழித்துப் பார்வைக் கூர்மை ஊசி போட்டவர்களுக்குக் கூடுதலாக இருந்தது; செங்குத்துக் கோடுகளில் கோணலும் குறைவு. என் கோணல் படுக்கைக் கோட்டில் என்பதால் இந்தக் கணக்கை எனக்குப் பொருத்திப் பார்க்கவில்லை. கிழிசல் மேல்பகுதியில் அமைந்த சிலருக்குத்தான் அந்த ஊசி ஏற்றது, எல்லாருக்கும் இல்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. கோணலையும் ஒரு கணக்காக வைத்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நோயாளி சொல்லும் "கோணலாத் தெரியுதே" என்பது புலம்பல் இல்லை, அளந்து குறிக்க வேண்டிய அளவு என்று ஆகியிருக்கிறது.

இப்போது கோணலோடு வாழப் பழகிவிட்டேன். ஊற்றும்போது டம்ளர் விளிம்பில் ஜாடியை முட்டவைத்து ஊற்றுகிறேன். படியிறங்கும்போது கைப்பிடி. படிக்கும்போது இடது கண் கண்ணாடியில் பால் நிறத் தாள் ஒட்டிக்கொள்கிறேன்; இரட்டைக் காட்சி அடங்குகிறது. மாதத்துக்கு ஒருமுறை கட்டத்தில் வரைந்து தேதி போடுகிறேன். இறக்கம் முதலில் இருந்ததைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. போகாது என்றுதான் நினைக்கிறேன். காரணம் தெரிந்த பிறகு அது முன்போல் என்னைப் பயமுறுத்துவதில்லை.

திருமயம், அரிமளம், பொன்னமராவதி என்று எங்கிருந்து இதைப் படித்தாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கண்ணில் திடீரென்று மின்னல் வெட்டினால், பூச்சிகள் கூட்டமாகப் பறந்தால், ஒரு ஓரத்திலிருந்து திரை இறங்குவது போல் நிழல் விழுந்தால், வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். கண் முகாம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே கிளம்புங்கள். சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுப்பகுதி விலகும் முன் போய்விட்டால் கோணல் வரும் வாய்ப்பு குறையும். ஏற்கெனவே அறுவை செய்துகொண்டு கோணலாகத் தெரிகிறவர்கள் கட்டத் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு கண்ணாக வரைந்து, தேதி போட்டு, உங்கள் மருத்துவமனைக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். ஸ்கேனில் சவ்வு படர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதற்கு வேறு அறுவை உண்டு.