நடையின் கோடுகள்

எம் நடையை அறிவோமென எண்ணி, மாலை வெயிலில் நிழலை நோக்கியவாறே நடந்து பார்த்தோம். முழங்கால் மடங்குங் கணம் கண்ணுக்கு அகப்படவில்லை.

பிராஞ்சு தேசத்து உடலியல் வல்லுநர் எத்தியேன் மாரே, 1883-ஆம் ஆண்டளவில், ஆளொருவருக்குத் தலைமுதல் அடிவரை கருப்புடை அணிவித்து, கைகால்களின் நெடுக வெண்கோடும் மூட்டுகளில் வெண்புள்ளியும் இட்டுக் கரும்பின்னணியின் முன் நடக்கவிட்டார். துளையிட்ட வட்டொன்று கருவியினுட் சுழன்று ஒளியை விட்டுவிட்டு அனுப்ப, ஒரே தகட்டிற் பல கணங்கள் அடுத்தடுத்துப் பதிந்தன. உருவம் மறைந்தது, நடை தோன்றிற்று! முழங்காலின் மடிப்பு அளக்கத்தக்க கோணமாய் நின்றது.

அமெரிக்காவில் மைபிரிட்ஜ் 1887-இல் வெளியிட்ட 781 படத்தகடுகள் பலவற்றில் மாந்தர் முழுவுருவோடு ஓடுகின்றனர், படியேறுகின்றனர். அவை கண்ணுக்கு இனியனவே. அளக்கப் புகுவார்க்கோ மாரேயின் கோடுகளே உதவும் என்போம். அக்கருப்புடை தரித்தவருள் அவர்தம் உதவியாளர் தெமெனியும் ஒருவர்; கோடுகளில் அவரை யாம் அடையாளங்காணோம்.