கட்டுக்கம்பி

ஷார்ஜாவில் வேலை பார்த்த எந்தத் தமிழருக்கும் ரோலா மைதானத்துக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. லீவு நாள் சாயங்காலம் ஊர்க்காரர்களைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போவோம். ஊருக்குப் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்சு, போன் கடை, சுலைமானி கிடைக்கும் கஃப்டீரியா, நம்மூர் மளிகை எல்லாம் அதைச் சுற்றியே இருக்கின்றன. அங்கிருந்து கடற்கழிப் பக்கமாக நடந்தால் கால் மணி நேரத்தில் அல் மரைஜா சதுக்கம் வந்துவிடும். பழைய பவளக்கல் வீடுகளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று கலைக்கூடங்கள் நிற்கும். ஷார்ஜா ஆர்ட் ஃபவுண்டேஷனுக்குச் சொந்தமானவை. சமகாலக் கலையோடு புழங்குகிறவர்கள் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் இந்தப் பெயரை அறிவார்கள். கண்காட்சி பார்க்கக் காசு வேண்டாம். இருந்தும், ரோலாவில் வருஷக்கணக்காக டீ குடித்த நம் ஆட்களில் அந்த வாசலை மிதித்தவர்கள் மிகச் சிலர்.

இந்தக் கால் மணி நேரத் தூரம் என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. நான் விடுமுறை நாட்களில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுடைய பெற்றோரிடமும் எங்கள் வாசகர் வட்டத்து நண்பர்களிடமும், ஒரு கோஸ்டர் வண்டி பிடித்து எல்லோருமாகப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். "பட்டிமன்றம்னா சொல்லுங்க டீச்சர், குடும்பத்தோட வர்றோம். இதெல்லாம் படிச்சவங்க பாக்குறதுதானே?" என்றார் ஒருவர். ஒரு கம்பெனியில் ஸ்டோர்கீப்பர் அவர். அப்படிச் சொன்னாலும் வண்டியில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். சஜ்ஜா பக்கத்து கேம்ப்பிலிருந்து நாலைந்து பேர், அஜ்மானிலிருந்து இரண்டு குடும்பம், ஒரு தையல்காரர், கீழக்கரை ராத்தா ஒருவர், அவருடைய பிள்ளைகள் என்று வண்டி நிறைந்துவிட்டது.

அது 2017ஆம் ஆண்டுக் குளிர்காலம். மரைஜாவில் ஹசன் ஷரீஃபின் வாழ்நாள் படைப்புகளைத் திரட்டி வைத்திருந்தார்கள். 1951இல் பிறந்து 2016 செப்டம்பரில் காலமான இந்த எமிராத்தியர்தான் இந்நாட்டின் சமகாலக் கலைக்கு வழி திறந்தவர். எழுபதுகளில் பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் வரைந்தார். லண்டனில் கலை படித்து 1984இல் முடித்தார். எண்ணெய்க் காசு வந்து, சந்தை முழுக்க மலிவுப் பொருட்கள் குவிந்துகொண்டிருந்த காலம் அது. பிளாஸ்டிக் செருப்பு, அலுமினியக் கரண்டி, அட்டைப்பெட்டி, தேங்காய் நார்க் கயிறு, செம்புக் கம்பி என்று கடைத்தெருவில் விற்ற பொருட்களையே அவர் வாங்கினார். வெட்டினார், மடித்தார், முடிச்சுப் போட்டார், கம்பியால் கட்டினார். கட்டிக்கட்டி ஆளுயரத்துக்குக் குவித்தார். எத்தனையோ வருஷம் இதே வேலை.

செருப்புகளைக் கம்பியால் பிணைத்த குவியல் ஒன்றின் முன்னால் எங்கள் கூட்டம் நின்றது. பிள்ளைகள் சிரித்தார்கள். ஸ்டோர்கீப்பர் அண்ணன் என் பக்கம் திரும்பி, "இது நம்ம தேரா கடை மாலுல்ல டீச்சர்?" என்றார். எங்களோடு வந்த ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் மட்டும் ஒன்றும் பேசாமல் குவியலைச் சுற்றி வந்தார். கட்டிடங்களில் கம்பி கட்டுகிறவர் அவர். இந்தக் கரையில் எழும்பி நிற்கிற கோபுரங்கள் எத்தனைக்கோ தரையில் உட்கார்ந்து, வெயிலில் கொதிக்கிற கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கட்டுக்கம்பி போட்டவர். கயிற்றுத் தடுப்புக்கு இந்தப் பக்கமே குத்தவைத்து, கம்பி முறுக்கிய இடங்களை மட்டும் உற்றுப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"கட்டுக்கம்பியை அதிகம் முறுக்கினா அறுந்துபோகும், கம்மியா முறுக்கினா நழுவிடும். இவரு மேல எல்லாத்தையும் அளவா முறுக்கியிருக்காரு. இந்தப் பக்கம் வரும்போது கை அசந்துருக்கு, பாருங்க." கொஞ்ச நேரம் கழித்து, "நாங்க கட்டினா மறுநாள் கான்கிரீட்டு ஊத்திருவாங்க. கட்டுனது எவன் கண்ணுக்கும் தெரியாது. இங்க கட்டுனதையே வெளிய வச்சுக் காட்டியிருக்காங்க" என்றார்.

ஹசன் ஷரீஃபைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு நேராக ஒருவர் சொல்லவில்லை. எந்த இடத்தில் கை சோர்ந்தது என்பதை ஒரு விமர்சகரால் பார்த்திருக்க முடியாது. அதைப் பார்க்க அந்த வேலை செய்த கை வேண்டும். சமகாலக் கலை நமக்கானதில்லை என்று நாம் விலகி நிற்கிறோமே, அது தலைகீழ் என்று எனக்குப் பட்டது அன்றைக்குத்தான். தாள், கம்பி, கயிறு, சிமென்ட், துணி என்று நாள் முழுக்கப் பொருளோடு புழங்குகிறவர்களுக்கே இது முதலில் திறக்கும். எங்களைப் போல அலுவலகத்தில் கணினி தட்டுகிறவர்கள்தான் சுவரில் ஒட்டிய விளக்கத்தைத் தேடிப் போகிறோம்.

அதே கண்காட்சியில், 1983இல் ஹத்தா பாலைவனத்தில் ஹசன் ஷரீஃப் செய்த நிகழ்வுகளின் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களும் இருந்தன. ஒரு குழி தோண்டி அதில் இறங்கி நின்றார். வெறும் மண்ணில் எம்பிக் குதித்தார். அவ்வளவுதான். "இதுக்கு யாரு கூலி குடுத்தா?" என்று கேம்ப்பிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் கேட்டான். யாரும் கொடுக்கவில்லை என்றேன். படத்தை விட்டு நகராமல் அவன் வெகுநேரம் நின்றான். பள்ளம் தோண்டுவதுதான் அவனுக்கு அன்றாட வேலை. யாருக்காகவும் இல்லாமல், எதுவும் கட்டுவதற்கு இல்லாமல் ஒரு மனிதன் தோண்டலாம் என்பது அவனுக்குள் என்னவோ செய்திருக்கிறது.

வெளியே வந்தபோது ராத்தா பழைய வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலிலிருந்து எடுத்த பவளக்கல், மேலே பூச்சு உதிர்ந்து துளைதுளையாகத் தெரிந்தது. "எங்க உம்மம்மா வீட்டுச் செவரும் இதே கல்லுதான். கோடையிலயும் உள்ள குளுகுளுன்னு இருக்கும்" என்றார். மன்னார் வளைகுடாக் கரை ஊர்களில் முன்பெல்லாம் பவளப்பாறையை வெட்டித்தான் வீடு கட்டினார்கள், சுண்ணாம்பு சுட்டார்கள். இப்போது அதை எடுக்கச் சட்டம் தடை விதிக்கிறது. இரண்டு வளைகுடாவிலும் முத்துக் குளித்தார்கள், இரண்டிலும் பவளத்தால் வீடு கட்டினார்கள். அன்று கலைக்கூடத்துக்குள் கண்டதில் பாதியையாவது அந்தச் சுவரும் சொன்னது.

இன்று இதே கலைக்கூடங்களில் நடக்கும் ஈராண்டுக் கலைவிழாவான ஷார்ஜா பினாலே 1993இல் தொடங்கியது. முதல் பத்தாண்டு வழக்கமான ஓவியக் கண்காட்சியாகவே நடந்தது. ஆட்சியாளரின் மகள் ஹூர் அல் காசிமி, 2002இல் ஜெர்மனியின் காஸல் நகரில் டாக்குமென்டா கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்து, மறு வருஷமே ஷார்ஜா பினாலேயின் போக்கை மாற்றினார். அப்போது அவருக்கு இருபதுகளின் தொடக்கம். அந்த டாக்குமென்டாவை நடத்தியவர் நைஜீரியாவில் பிறந்த ஒக்வி என்வேஸர். பிற்பாடு, 2023இல் நடந்த பினாலேயை அவரிடமே ஒப்படைத்திருந்தார்கள். 2019இல் அவர் இறந்துபோனதால், அவர் வகுத்துவைத்த திட்டத்தை ஹூரே ஏற்று நடத்தினார். நிகழ்காலத்தில் நின்று வரலாற்றைச் சிந்திப்பது என்பது அதன் கருப்பொருள். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட கலைஞர்கள், ஷார்ஜா, கல்பா, கோர்ஃபக்கான், அல் தைத், அல் ஹம்ரியா என்று ஐந்து ஊர்கள். கலையின் மையம் பாரிசும் நியூயார்க்கும் மட்டுமே என்ற எண்ணத்தை என்வேஸர் வாழ்நாள் முழுக்க எதிர்த்தார். ஷார்ஜா அந்த எதிர்ப்பைக் கட்டிடமாகவும் காசாகவும் தாங்கிப் பிடித்திருக்கிறது. இதற்காக நான் இந்த ஊரை மனதார நேசிக்கிறேன்.

அந்த 2023ஆம் வருஷம், நோன்புக்கு முன்னால், பிப்ரவரி கடைசியில் மறுபடி வண்டி பிடித்தோம். நான் எழுதிய ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். கலைஞர் யிங்கா ஷோனிபாரே பிரிட்டிஷ் சாம்ராஜ்ய காலத்துச் சிலைகளைப் போலவே செய்து, உச்சந்தலை முதல் கால் வரை பளீர் வண்ணத் துணிக்கோலம் தீட்டியிருந்தார். தையல்காரருக்கு அது எந்த ஊர்த் துணி என்று தெரிந்தாக வேண்டும். ஜாவாவின் பாத்திக்கைப் பார்த்து டச்சுக்காரர்கள் ஆலையில் அச்சடித்து மேற்கு ஆப்பிரிக்காவில் விற்றது, இன்று ஆப்பிரிக்காவின் அடையாளமாகவே ஆகிவிட்டது என்றேன். நம் மெட்ராஸ் கட்டம் போட்ட துணியும் அதே கரைக்குக் கப்பலேறியது, நைஜர் கழிமுகத்துக் கலபாரி மக்கள் அதைப் பரம்பரைச் சொத்தாக வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன். "அப்ப கைலி நமக்கு முன்னாடியே வெளிநாடு போயிருக்கு" என்றார் அவர். கலைஞர் விவான் சுந்தரத்தின் புகைப்படத் தொடரை எங்களில் பலர் வேகமாகக் கடந்துவிட்டார்கள். மார்ச் 29 அன்று அவர் இறந்த செய்தி வந்ததும், சரியாகப் பார்க்காமல் வந்துவிட்டோமே என்று இரண்டு பேர் எனக்குப் போன் செய்தார்கள்.

மதியச் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு கல்பாவுக்குக் கிளம்பினோம். ஹஜர் மலையைக் குடைந்த சுரங்கப் பாதைகளைத் தாண்டி இறங்கினால் ஓமான் வளைகுடா. அலையாத்திக் காட்டுக்கு எதிரே பழைய ஐஸ் ஃபேக்டரி ஒன்றைப் புதுப்பித்துக் கலைக்கூடம் ஆக்கியிருக்கிறார்கள். அதற்குள் கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சால்செதோவின் படைப்பு இருந்தது. 804 பட்ட மரங்கள். எல்லாம் சேர்ந்து ஒரு வீடு. ஓரத்தில் மரம் மரமாகவே நிற்கிறது. போகப்போகக் கிளைகள் நெருங்கி, ஒன்றோடொன்று இழைந்து, சுவராகவும் கூரையாகவும் ஆகிவிடுகின்றன. சுற்றிச்சுற்றி வந்தாலும் உள்ளே போக வழியில்லை.

அந்தத் தடவை எங்களோடு கிளிநொச்சி அக்கா ஒருவர் வந்திருந்தார். அஜ்மானில் ஒரு வீட்டில் வயதானவரைப் பார்த்துக்கொள்கிறவர். காலையிலிருந்து அதிகம் பேசவில்லை. இங்கே வந்ததும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாகச் சுற்றினார். "வாசல் எங்க?" என்று என்னிடம் கேட்டார். இல்லையக்கா என்றேன். நம்பாமல் இன்னொரு சுற்று வந்தார். பிறகு, "எங்கட வளவுப் பனை முழுக்க பங்கருக்கெண்டு தறிச்சது. ஒண்டும் மிஞ்சேல்ல" என்று மட்டும் சொன்னார்.

கம்பி கட்டுகிற அண்ணன் அந்தப் பக்கம் நின்று, உள்ளே தாங்குகிற எஃகு எங்கே தொடங்குகிறது, மரம் எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது வண்டியில் என் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஊரில் அவர் கட்டிய வீட்டின் படத்தைப் போனில் காட்டினார். மாடி வீடு, முன்னால் கிரில் கேட். தளம் போட்டது, டைல்ஸ் ஒட்டியது எல்லாமே வீடியோ காலில்தான் பார்த்தாராம். "நான் அந்த வீட்டுல படுத்து எந்திரிச்ச நாளைச் சேத்தா ரெண்டு லீவுதான் டீச்சர் வரும்" என்றார். சால்செதோ இடம்பெயர்ந்த மக்களை எண்ணி இதைச் செய்தார். அவர் எண்ணிய மக்களில் இவரும் உண்டு என்று எனக்குத் தோன்றியது.

துபாயையும் விட்டுவைக்கவில்லை. அல் கூஸில், பழைய மார்பிள் ஃபேக்டரி இருந்த இடத்தில் அல்சர்க்கால் அவென்யூ இருக்கிறது. குடோன்களே காலரிகள். தெற்காசியக் கலைக்கென்றே 2019இல் தொடங்கிய இஷாரா அங்கேதான் உள்ளது. அதே அல் கூஸில்தான் எத்தனையோ லேபர் கேம்ப்களும். இந்த நெருக்கத்தைக் கலையாக்கியவர்களில் எனக்கு முக்கியமானவர் மும்பையில் வளர்ந்த விக்ரம் திவேச்சா. நடைபாதையைத் தோண்டிக் குழாய் பழுதுபார்த்துவிட்டுத் திரும்பக் கல் பதிக்கும்போது பழைய வரிசை கலைந்துபோகும் அல்லவா, அந்தக் கலைந்த கோலத்தையே அவர் 2013இல் தன் படைப்பாக எடுத்துக்கொண்டார். தொழிலாளிகளின் கைபோன போக்கு அது. இதை வண்டியில் சொன்ன நாளிலிருந்து எங்கள் பிள்ளைகள் ரோட்டோரக் கல்லைக் குனிந்து பார்த்துத்தான் நடக்கிறார்கள். அபுதாபி லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு நம்மவர்கள் எப்படியும் போய்விடுகிறார்கள். 180 மீட்டர் அகல குவிமாடத்தின் கீழே வெளிச்சம் சொட்டுவது பார்க்க வேண்டிய அழகுதான். ஆனாலும் அங்கே வாய் பிளந்து நிற்போம், ஷார்ஜாவில் வாய் திறந்து பேசுவோம். இரண்டில் ஒன்றைத்தான் காட்ட முடியும் என்றால் நான் ஷார்ஜாவையே காட்டுவேன்.

வளைகுடாவில் நமக்கு எத்தனையோ தமிழ்ச் சங்கங்கள். சென்னையிலிருந்து நடிகரையும் பாடகரையும் அழைத்து வந்து பெரிய அரங்கை நிரப்புகிறோம். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குளிர்காலத்தில் ஒரு தடவை ஒரு கோஸ்டர் வண்டி, ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு, மதியச் சோறு. இவ்வளவுதான் செலவு. கேம்ப்பில் இருக்கிறவர்களையும் சேர்த்து அழைத்துப்போக வேண்டும், அதில் மட்டும் சமரசம் கூடாது.

2025 பினாலேயை, ‘சுமத்தல்’ என்ற கருத்தை வைத்து, ஐந்து பெண்கள் அமைத்தார்கள். கொழும்பு கலை விழாவை நடத்திய நடாஷா ஜின்வாலா அவர்களில் ஒருவர். புறப்பட்டு வருகிறவர் எதைச் சுமந்து வருகிறார் என்பதுதான் அதன் கேள்வி. கம்பி கட்டுகிற அண்ணன் அந்த முறை தன் சைட் ஆட்கள் ஆறேழு பேரைக் கூட்டி வந்திருந்தார். பார்த்துவிட்டுத் திரும்புகையில், முதல் தடவை ஏர்போர்ட்டில் இறங்கியபோது பெட்டியில் என்ன கொண்டுவந்தோம் என்ற பேச்சு வந்தது. நார்த்தங்காய் ஊறுகாய், பருப்புப் பொடி, ஐடிஐ சர்ட்டிபிகேட், அம்மா கட்டிக்கொடுத்த திருநீறு, தர்கா தாயத்து. ஸ்டோர்கீப்பர் அண்ணன் பெட்டியில் இருந்ததைச் சொன்னால் போதாது, தலையில் இருந்த கடனையும் சேர்க்க வேண்டும் என்றார். கடன் சுமையா, சுமக்க வைத்த காரணமா என்று சைட் ஆட்களில் ஒருவர் மறுத்தார். செருப்புக் குவியல் கலையே அல்ல என்று முதல் தடவையிலிருந்து சாதித்துவருகிறவர் ஸ்டோர்கீப்பர் அண்ணன், இதையும் விட்டுக்கொடுக்கவில்லை. சஜ்ஜா கேட்டில் வண்டி நின்ற பிறகும் இறங்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். பெஷாவர்க்கார டிரைவர் என்ன தகராறு என்று இந்தியில் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் எஞ்சினை நிறுத்திவிட்டு, தான் கொண்டுவந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.